கொலம்பஸும் அட்லாண்டிக் தாண்டிய முதல் பயணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போன முதல் பயணங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே வந்து விழும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். ஒரு முறை சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம். கொலம்பஸ் தூரத்தை 'லீக்' கணக்கில் எழுதினார். ஒரு லீக் சுமார் 5.9 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. கொலம்பஸ்தான் அமெரிக்காவைக் கண்டுபிடிச்சார்னு ஸ்கூல்ல படிச்சோம். இப்போ இல்லைங்கறாங்க. எதை எடுத்துக்கறது?

'கண்டுபிடித்தார்' என்ற சொல் பொருந்தாது. அவர் போய் இறங்கியபோது அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பியர்களில் பார்த்தாலும் அவர் முதல் ஆள் இல்லை. கிரீன்லாந்திலிருந்து வந்த நார்ஸ் மக்கள் (வைக்கிங்குகள்), கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடத்தில் வீடு கட்டித் தங்கியிருக்கிறார்கள். 1960இல் இங்ஸ்டாட் தம்பதியர் அந்த இடத்தை அடையாளம் கண்டார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் உலோகக் கருவியால் வெட்டப்பட்டது 1021ஆம் ஆண்டில் என்று 2021இல் உறுதியானது. 993இல் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சு அந்த ஆண்டின் மர வளையத்தில் தடம் விட்டிருந்தது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணித்தான் ஆண்டைச் சொன்னார்கள்.

நார்ஸ் மக்களின் வழி அவர்களோடு நின்றுபோனது. கொலம்பஸ் போன வழி நிற்கவில்லை. போவதற்கு ஒரு காற்று, திரும்புவதற்கு வேறொரு காற்று என்று பிரித்துப் பயன்படுத்தி, யாரும் மறுபடி மறுபடி போய்வரக்கூடிய பாதையை அவர் காட்டிவிட்டார். அவருடைய உண்மையான சாதனை என்று நாங்கள் எண்ணுவது அதைத்தான். அதனால் விளைந்த கொடுமை 15ஆம் கேள்வியில் இருக்கிறது.

2. உலகம் தட்டைன்னு எல்லாரும் நம்பின காலத்துல இவர் மட்டும் உருண்டைன்னு சொன்னாராமே?

இல்லை. அன்றைய படித்தவர்கள், மாலுமிகள் எல்லோருக்கும் பூமி உருண்டை என்று தெரியும். கிரேக்கர் காலத்திலேயே எரட்டோஸ்தனிஸ் அதன் சுற்றளவைக் கணக்கிட்டிருந்தார். தட்டை உலகக் கதை பரவியதற்கு முக்கியக் காரணம், 1828இல் வாஷிங்டன் இர்விங் கற்பனை கலந்து எழுதிய கொலம்பஸ் வாழ்க்கை வரலாறு. போர்ச்சுகல் அரசரின் நிபுணர்களும் ஸ்பெயின் அரசி அமைத்த குழுவும் கொலம்பஸின் திட்டத்தை நிராகரித்தது உண்மை. பூமி எவ்வளவு பெரிது என்பதில்தான் தகராறு. அந்தத் தகராறில் நிபுணர்கள் சொன்னதுதான் சரி.

3. அப்போ கொலம்பஸ் கணக்குல எங்க தப்பு விட்டார்?

இரண்டு இடத்தில். முதலாவது, அளவுகோல். 9ஆம் நூற்றாண்டு வானியலாளர் அல்ஃபர்கானி, ஒரு பாகைக்கு 56⅔ மைல் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது அரபு மைல். அது ஏறத்தாழ 2 கி.மீ. கொலம்பஸ் அதை இத்தாலிய மைலாக, அதாவது சுமார் 1.48 கி.மீ. ஆக எடுத்துக்கொண்டார். விளைவு, 111 கி.மீ. இருக்க வேண்டிய ஒரு பாகை 84 கி.மீ. ஆகச் சுருங்கியது. பூமியே கால்வாசி குறைந்துவிட்டது.

இரண்டாவது, ஆசியாவின் நீளம். இருந்த மதிப்பீடுகளிலேயே மிகப் பெரியதைத் தேர்ந்தெடுத்து, மார்க்கோ போலோ சொன்ன தூரத்தை அதன் மேல் கூட்டி, சீனாவுக்கு வெகு கிழக்கே ஜப்பானை வைத்தார். கேனரித் தீவுகளிலிருந்து மேற்கே ஜப்பானுக்குச் சுமார் 4,400 கி.மீ.தான் என்று முடிவு வந்தது. உண்மையில் 19,000 கி.மீ.க்கும் மேல். நடுவில் ஒரு கண்டம் இல்லாமல் இருந்திருந்தால், தண்ணீர் தீர்ந்து எல்லோரும் கடலிலேயே மடிந்திருப்பார்கள். தமக்கு வேண்டிய விடை வரும் எண்களாகப் பார்த்துப் பொறுக்கினார் என்பதுதான் அடிப்படைப் பிழை.

4. ராணி இசபெல்லா நகையை அடகு வச்சுப் பணம் கொடுத்தாங்களா?

அடகு வைக்கவில்லை. மொத்தச் செலவு சுமார் 20 லட்சம் மரவேடி. மரவேடி என்பது அன்றைய ஸ்பானிய நாணயக் கணக்கு. அதில் 11,40,000 மரவேடி அரசவையின் நிதி அதிகாரி லூயிஸ் டி சான்டாங்கெல் திரட்டிக் கொடுத்தது. பாலோஸ் துறைமுக ஊர் அரசுக்குக் கட்ட வேண்டிய ஒரு தண்டனைக்குப் பதிலாக இரண்டு கப்பல்களைத் தர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மீதியில் கொலம்பஸ் கடன் வாங்கிப் போட்ட பங்கும் உண்டு.

மாலுமிக்கு மாதம் 1,000 மரவேடி, எடுபிடிப் பையனுக்கு 666, கப்பல் தலைமை மாலுமிக்கு 2,000. கொலம்பஸுக்கு 1492 ஏப்ரல் 17 ஒப்பந்தப்படி கடற்படைத் தலைவர், அரசப் பிரதிநிதி ஆகிய பட்டங்களும், கிடைக்கும் செல்வத்தில் பத்தில் ஒரு பங்கும். அவர் வாழ்நாளின் கடைசி வரை வழக்காடியது இந்தப் பத்தில் ஒரு பங்குக்குத்தான்.

5. மூணு கப்பலும் எவ்வளவு பெரிசு? எத்தனை பேர் போனாங்க?

சாந்தா மரியா, பிந்தா, நீனா. வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை என்பதால் அளவுகள் எல்லாம் மதிப்பீடுகள்தான். இன்று நாம் பார்க்கும் மாதிரிக் கப்பல்களும் அப்படிக் கட்டியவையே. ஏறத்தாழ 20 மீட்டர் நீளம், அதாவது இரண்டு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய அளவு. மொத்தம் சுமார் 90 பேர். சாந்தா மரியா வயிறு பெருத்த சரக்குக் கப்பல். கொலம்பஸுக்கு அதைப் பிடிக்கவே இல்லை. மற்ற இரண்டும் 'காரவெல்' எனப்படும் இலகுவான கப்பல்கள். ஆழம் குறைந்த கரையோரங்களில் நுழைந்து பார்க்க ஏற்றவை. பிந்தாவுக்கு மார்ட்டின் அலோன்சோ பின்சோனும், நீனாவுக்கு அவர் தம்பி விசென்டே யானெஸும் தலைவர்கள். ஊரில் இவர்களுக்கு இருந்த பெயரை நம்பித்தான் பாலோஸ் மாலுமிகள் கப்பல் ஏறினார்கள்.

6. என்ன சாப்பிட்டாங்க? எங்க படுத்தாங்க?

இரண்டு முறை சுட்டுக் கல்லாக்கிய பிஸ்கட், உப்பிட்ட மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும், கருவாடு, கொண்டைக்கடலை, அவரை, ஆலிவ் எண்ணெய், பூண்டு, பாலாடைக்கட்டி, திராட்சை மது, வினிகர். மேல்தளத்தில் இரும்புத் தட்டில் மணல் பரப்பி, அதன் மேல் விறகு அடுக்கி, நாளைக்கு ஒரு வேளை சூடாகச் சமைத்தார்கள். கடல் கொந்தளித்தால் அடுப்பு மூட்டக்கூடாது. அன்றைக்கு வெறும் பிஸ்கட்தான். பிஸ்கட் ஈரமானால் புழு வைக்கும், மரப்பீப்பாயில் தண்ணீர் சில வாரங்களில் பாசி பிடித்து நாறும்.

படுக்கை என்று தனியாக எதுவும் இல்லை. தளத்தில் தட்டையான இடம் கிடைத்த பக்கம் சாய்வார்கள். கயிற்றுத் தொட்டிலில் படுக்கும் வழக்கத்தைக் கரீபியன் தீவுகளின் தாய்னோ மக்களிடம்தான் ஐரோப்பியர்கள் பார்த்தார்கள். 'ஹமாக்கா' என்ற அதன் பெயரும் அவர்களுடையதே. பிறகு ஐரோப்பியக் கப்பல்கள் எல்லாவற்றிலும் அது தொங்கியது.

7. மேப்பும் இல்ல, ஜிபிஎஸ்ஸும் இல்ல. எந்த இடத்துல இருக்கோம்னு எப்படித் தெரியும்?

திசை, வேகம், நேரம் மூன்றையும் வைத்துப் போட்ட மனக்கணக்கு. திசைக்குக் காந்தத் திசைகாட்டி. நேரத்துக்கு அரைமணி மணற்கடிகை. மணல் வடிந்து முடிந்ததும் ஒரு பையன் அதைத் திருப்பி வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பாட்டு வரியைப் பாடுவான். எட்டு முறை திருப்பினால் நான்கு மணி நேரம், காவல் மாறும். வேகத்துக்குக் கருவியே இல்லை. முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு வேகம் அளக்கும் முறை பின்னால் வந்தது. கப்பலை ஒட்டிப் போகும் நுரையையும் பாசியையும் பார்த்துக் கண்மதிப்பாகவே சொன்னார்கள்.

தவறுகள் சிறிது சிறிதாகச் சேரும். பையன் தூங்கிவிட்டால் அரைமணி தொலைந்தது. பக்கவாட்டு நீரோட்டம் கப்பலைத் தள்ளினால் தெரியாது. 1492 செப்டம்பர் 13 அன்று காந்த முள் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிற்காமல் மேற்கே விலகியதைக் கொலம்பஸ் கவனித்தார். நான்கு நாள் கழித்து மற்றவர்களும் பார்த்துப் பயந்தார்கள். முள் சரி, நட்சத்திரம்தான் நகர்கிறது என்று அவர் சமாதானம் சொன்னார். அதில் பாதி உண்மை இருக்கிறது: அன்று துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து சுமார் மூன்றரை பாகை விலகியிருந்தது.

நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து அட்சரேகை காணும் கால்வட்டக் கருவி கையில் இருந்தது. அதன் ஈயக்குண்டு ஆடும் கப்பலில் நிற்காது. கியூபாவில் இருந்தபோது அதை வைத்து 42 பாகை வடக்கு என்று குறித்தார். உண்மையில் 21 பாகை. கருவியைவிட மனக்கணக்கில்தான் அவர் கைதேர்ந்தவர். தீர்க்கரேகையை அளக்க அன்று நடைமுறை வழி ஏதும் இல்லை. இது 19, 20ஆம் கேள்விகளில் மறுபடி வரும்.

8. ஸ்பெயின்ல இருந்து நேரா மேற்கே போகாம எதுக்குத் தெற்கே கேனரித் தீவுக்கு இறங்கினார்?

காற்றுக்காக. நம் கடலில் பருவம் மாறினால் காற்று திசை மாறும். ஆடிக் காற்றில் வந்தவர்கள் காத்திருந்தால், தை மாதக் காற்றில் திரும்பலாம். அரபு வணிகர்கள் அப்படித்தான் வந்துபோனார்கள். அட்லாண்டிக்கில் அது நடக்காது. அங்கே காற்று இடத்தைப் பொறுத்தது. கேனரித் தீவுகளின் பக்கம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வீசும் வாணிபக் காற்று. அதற்கு வடக்கே, அசோர்ஸ் தீவுகளின் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலைக்காற்று. காத்திருந்து பயனில்லை. கப்பல்தான் இடம் மாறிக் காற்றைப் பிடிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கரையோரம் போய்வந்த போர்ச்சுகீசிய மாலுமிகள் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தார்கள். அவர்களோடு பயணம் செய்து கற்றவர் கொலம்பஸ்.

ஆகஸ்ட் 3 அன்று பாலோஸிலிருந்து கிளம்பிய மூன்றாம் நாளே பிந்தாவின் சுக்கான் கழன்றது. கேனரியில் அதைச் சரிசெய்தார்கள். முக்கோணப் பாய் கட்டியிருந்த ஒரு காரவெல்லுக்குச் சதுரப் பாய் மாற்றினார்கள். முக்கோணப் பாய் எதிர்காற்றில் வளைந்து ஏற நல்லது. முதுகில் அடிக்கும் காற்றுக்குச் சதுரப் பாய்தான் ஏற்றது. செப்டம்பர் 6 அன்று லா கொமேராவிலிருந்து கிளம்பி, அக்டோபர் 12 அன்று கரை.

வடக்கு வழியில் நேராகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜான் காபோட் சாட்சி. 1497இல் 'மேத்யூ' என்ற ஒரே கப்பலில், 20 பேருக்குள், இங்கிலாந்தின் பிரிஸ்டலிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போனார். தூரம் மிகக் குறைவு. ஆனாலும் எதிர்காற்றில் போக 35 நாள். அதே காற்று முதுகில் அடிக்க, திரும்ப 15 நாள்.

9. மாலுமிகள் கலகம் பண்ணினாங்க, கொலம்பஸ் பொய்க் கணக்கு காட்டினார்னு சொல்றாங்களே?

முணுமுணுப்பு உண்மை. காற்று எப்போதும் மேற்கே மட்டுமே தள்ளுகிறது, திரும்ப ஊருக்குப் போகக் காற்றே கிடைக்காதோ என்பதுதான் அவர்களுடைய பெரிய பயம். கடல் அறிந்தவர்களின் நியாயமான பயம் அது. செப்டம்பர் 22 அன்று எதிர்காற்று வீசியபோது அது நல்லதற்கே என்று கொலம்பஸ் குறித்துவைத்தார். அக்டோபர் 10 அன்று மாலுமிகள் இனி முடியாது என்றார்கள். அவர் பேசிச் சமாதானம் செய்தார். ஆயுதம் எடுத்த கலகம் எதுவும் நடக்கவில்லை.

பொய்க் கணக்கும் நாட்குறிப்பில் இருக்கிறது. அதே அக்டோபர் 10 அன்று போன தூரம் 59 லீக், ஆட்களுக்குச் சொன்னது 44. ஆனால் மற்ற கப்பல்களின் மாலுமிகளும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். அத்தனை பேரையும் இப்படி ஏமாற்ற முடியாது. இரண்டு வகை லீக் அளவுகளில் எழுதியதைப் பின்னால் படியெடுத்தவர் ஏமாற்று என்று புரிந்துகொண்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கும் அது ஏற்கும்படியாகவே இருக்கிறது.

10. முதல்ல நிலத்தைப் பார்த்தது யாரு? எந்தத் தீவு அது?

அக்டோபர் 7 அன்று பறவைக் கூட்டங்கள் தென்மேற்காகப் பறப்பதைக் கண்டு கப்பல்களை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 11ஆம் தேதி பச்சை நாணலும், செதுக்கிய குச்சியும், காய் ஒட்டியிருந்த கிளையும் மிதந்துவந்தன. 12ஆம் தேதி அதிகாலை சுமார் 2 மணிக்குப் பிந்தாவிலிருந்து ரோட்ரிகோ டி ட்ரியானா என்ற மாலுமி நிலாவெளிச்சத்தில் கரையைப் பார்த்துக் கத்தினார். முதலில் பார்ப்பவருக்கு ஆண்டுக்கு 10,000 மரவேடி என்று அரசு அறிவித்திருந்தது. முந்தின இரவு 10 மணிக்கே மெழுகுவத்தி ஏறி இறங்குவது போல ஒரு வெளிச்சத்தைக் கண்டதாகச் சொல்லி, அந்தப் பணத்தைக் கொலம்பஸே வாங்கிக்கொண்டார். அந்த நேரத்தில் கப்பல் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. அந்த மாலுமிக்குச் செய்தது அநியாயம்தான்.

தீவின் உள்ளூர்ப் பெயர் குவானஹானி, பஹாமாஸில் இருக்கிறது. பெரும்பாலோர் ஏற்பது வாட்லிங் தீவு. 1920களில் அதற்கு சான் சால்வடோர் என்று பெயரே மாற்றிவிட்டார்கள். சமானா கே என்ற தீவுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு.

11. அக்டோபர் 12ங்கற தேதி சரிதானா?

அன்றைய ஜூலியன் நாட்காட்டிப்படி சரி. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றினால் 1492 அக்டோபர் 21. நிலவு, கிரகணம் முதலியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த 9 நாள் வித்தியாசத்தை மறந்துவிட்டுத் தடுமாறுவார்கள்.

12. இந்தியாவுக்கு வந்துட்டோம்னு நிஜமாவே நம்பினாரா? எப்போ உண்மை தெரிஞ்சுது?

அவர் சொன்ன 'இந்தியாக்கள்' நம் நாடு மட்டும் இல்லை. இந்தியா, தென்கிழக்கு ஆசியா, சீனா, ஜப்பான் எல்லாம் சேர்ந்த கிழக்குத் திசைக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பொதுப்பெயர் அது. அவர் தேடியது சீனாவையும் ஜப்பானையும். சீனப் பேரரசர் கானுக்கு அரச கடிதம் கையில் இருந்தது. கியூபாவில் இறங்கியதும் ஹீப்ரு, அரமேயம், அரபு தெரிந்த லூயிஸ் டி டோரஸ் என்பவரைக் கானைத் தேடி உள்ளே அனுப்பினார். அவர் கண்டது சுமார் 50 வீடுகள் கொண்ட ஓர் ஊர். அரபில் பேசிப் பார்த்தார், யாருக்கும் புரியவில்லை. அந்த வழியில்தான், சுருட்டிய இலையின் புகையை இழுத்தபடி போகும் மக்களை ஐரோப்பியர்கள் பார்த்தார்கள். புகையிலை.

1494 ஜூனில் கியூபா தீவே இல்லை, ஆசியாவின் நிலப்பகுதி என்று தம் ஆட்களிடம் சத்தியம் வாங்கினார். மாற்றிச் சொன்னால் அபராதம், நாக்கை அறுக்கும் தண்டனை. 1498இல் ஒரினோக்கோ ஆற்றின் நன்னீர்ப் பெருக்கைக் கண்டதும், இவ்வளவு தண்ணீர் வர இது பெரிய கண்டமாக இருக்க வேண்டும் என்று சரியாகவே எழுதினார். ஆனால் ஆசியாவின் பக்கம்தான் இருக்கிறோம் என்ற நம்பிக்கையை, 1506 மே 20 அன்று சாகும் வரை விட்டதாகத் தெரியவில்லை. மேற்கிந்தியத் தீவுகள், செவ்விந்தியர் என்று தமிழிலும் புழங்கும் பெயர்கள் அந்தப் பிழையின் எச்சம்.

13. சாந்தா மரியா புயல்லயா உடைஞ்சுது?

இல்லை, கடல் அசையாமல் கிடந்த கிறிஸ்துமஸ் இரவில். 1492 டிசம்பர் 24 இரவு, இன்றைய ஹைட்டியின் வடகரை. இரண்டு நாளாகத் தூங்காத கொலம்பஸ் 11 மணிக்குப் படுத்தார். சுக்கான் பிடித்தவன் அதை ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கினான். இதைச் செய்யவே கூடாது என்று முன்பே உத்தரவு இருந்தது. நள்ளிரவில் நீரோட்டம் கப்பலை மெல்லத் தள்ளித் திட்டில் ஏற்றியது. படகில் நங்கூரத்தைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக் கயிற்றை இழுத்தால் கப்பல் பின்வாங்கும். அதற்கு அனுப்பிய ஆட்கள் நீனாவுக்குத் தப்பிப் போனார்கள் என்பது கொலம்பஸின் குற்றச்சாட்டு. பாய்மரத்தை வெட்டி எடையைக் குறைத்தும் பயனில்லை. பலகை இணைப்புகள் விட்டுவிட்டன.

உள்ளூர்த் தலைவர் குவாகனகாரி தம் மக்களையும் படகுகளையும் அனுப்பி, சரக்கு ஒன்று விடாமல் இறக்கிக் கொடுத்தார். கப்பல் மரத்தில் 'நாவிதாத்' என்ற கோட்டை கட்டி, 39 பேரை விட்டுவிட்டுக் கொலம்பஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு 17 கப்பல்களோடு வந்தபோது கோட்டை எரிந்து கிடந்தது. ஒருவரும் உயிரோடு இல்லை. பொன்னுக்காகவும் பெண்களுக்காகவும் அவர்கள் செய்த அட்டூழியமே காரணம் என்று தீவு மக்கள் சொன்னார்கள்.

14. திரும்பி வந்தது சுலபமா இருந்துச்சா?

வழி சுலபம், வானிலைதான் பொல்லாதது. 1493 ஜனவரி 16 அன்று கிளம்பி, வடகிழக்காக ஏறி, 8ஆம் பதிலில் சொன்ன மேலைக்காற்றைப் பிடித்தார்கள். பிப்ரவரி 12 முதல் கடும் புயல். உணவும் மதுவும் தீர்ந்து போயிருந்ததால் நீனா எடை குறைந்து தக்கையாக ஆடியது. காலிப் பீப்பாய்களில் கடல்நீரை நிரப்பி அடியில் வைத்து அதைச் சமாளித்தார்கள்.

பிழைத்தால் யாத்திரை போவதாக நேர்ந்துகொண்டு, போக வேண்டியவர் யார் என்று சீட்டுப் பார்த்தார்கள். சீட்டு என்றால் கொண்டைக்கடலை: ஆளுக்கொன்று எண்ணித் தொப்பியில் போட்டு, ஒன்றில் மட்டும் கத்தியால் சிலுவை கீறினார்கள். முதலில் கைவிட்ட கொலம்பஸ் கையிலேயே அது வந்தது. கப்பல் மூழ்கினாலும் செய்தி போய்ச் சேரட்டும் என்று, கண்டதையெல்லாம் தோல்தாளில் எழுதி, மெழுகுத்துணியில் சுற்றி, பீப்பாயில் அடைத்துக் கடலில் எறிந்தார். பீப்பாய் கரை சேரவில்லை, நீனா சேர்ந்தது. அசோர்ஸ், லிஸ்பன் வழியாக மார்ச் 15 அன்று பாலோஸ். புயலில் பிரிந்த பிந்தாவும் அதே நாளில் வந்து சேர்ந்தது.

15. அங்கே இருந்த மக்களுக்கு என்ன ஆச்சு?

இறங்கிய முதல் நாளே, இவர்கள் நல்ல வேலைக்காரர்கள் ஆவார்கள் என்று கொலம்பஸ் எழுதினார். 1495 பிப்ரவரியில் சுமார் 550 தாய்னோ மக்களை அடிமைகளாக ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஏறத்தாழ 200 பேர் கடலிலேயே இறந்து, உடல்கள் தூக்கி எறியப்பட்டன. பொன் கிடைக்கும் பகுதிகளில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சின்ன மணி நிறையப் பொன் தர வேண்டும் என்று வரி போட்டார். ஆற்று மணலில் அவ்வளவு பொன் கிடையாது. மக்கள் விளைநிலத்தை விட்டு மலைகளுக்கு ஓடினார்கள், பஞ்சம் வந்தது. பிறகு வந்த ஆளுநர்கள் கட்டாய உழைப்பைச் சட்டமாக்கினார்கள்.

இஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும்) 1492இல் எத்தனை பேர் என்பதில் ஒரு லட்சம் முதல் பல லட்சங்கள் வரை மதிப்பீடுகள் மாறுபடுகின்றன. 1514இல் எடுத்த கணக்கில் இருந்தது சுமார் 26,000. பெரியம்மை அந்தத் தீவுக்கு வந்ததோ 1518இன் கடைசியில். இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள்: எல்லாம் நோயால் வந்த அழிவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பெரியம்மைக்கு முன்பே உழைப்பும் பசியும் கொன்றிருந்தன. 1511இல் மொன்டெசினோஸ் என்ற துறவி, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று சாந்தோ டொமிங்கோ தேவாலயத்திலேயே ஸ்பானியர்களைப் பார்த்துக் கேட்டார்.

16. மிளகாயைக் கொலம்பஸ்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தாரா?

அவர் இந்தியாவுக்கு வரவே இல்லை. மிளகு தேடிப் போன இடத்தில் 'அஹி' என்று தாய்னோ மக்கள் சொன்ன மிளகாயைப் பார்த்து, இது அவர்களுடைய மிளகு, நம் மிளகைவிட உசத்தி என்று 1493 ஜனவரி 15 குறிப்பில் எழுதினார். ஸ்பானிய மொழியில் மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி மிளகாய்க்கு வைத்தார்கள். நாமும் அதையேதான் செய்தோம்: மிளகு, மிளகாய்.

இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். முந்திரி, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, நிலக்கடலை, மக்காச்சோளம், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. பறங்கிக்காய் என்ற பெயரில் வந்த வழி ஒட்டியிருக்கிறது. பறங்கியர் என்றால் ஐரோப்பியர்.

17. கப்பல்ல ஸ்கர்வி வந்து கொத்துக்கொத்தா செத்தாங்கன்னு படிச்சேன். கொலம்பஸ் ஆளுங்களுக்கு வரலையா?

முதல் பயணத்தில் கேனரித் தீவுகள் கண்ணை விட்டு மறைந்த பின் கரையே தெரியாத நாட்கள் ஐந்து வாரத்துக்குள்தான். வைட்டமின் சி இல்லாமல் ஈறு வீங்கிப் பல் ஆட இரண்டு மூன்று மாதம் ஆகும். பசிபிக்கில் மெகல்லனின் ஆட்கள் 3 மாதம் 20 நாள் புதிய உணவு இல்லாமல் போனார்கள். பாய்க் குறுக்குமரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலை நான்கைந்து நாள் கடல்நீரில் ஊறவைத்துச் சுட்டுத் தின்றார்கள். 19 பேர் இறந்தார்கள். 1519இல் ஐந்து கப்பல்களில் கிளம்பிய அந்தப் பயணத்தில், 1522இல் விக்டோரியா என்ற ஒரே கப்பலில் 18 ஐரோப்பியர்கள் திரும்பினார்கள்.

மருந்து பக்கத்திலேயே இருந்ததும் உண்டு. 1535-36 குளிர்காலத்தில் இன்றைய க்யூபெக் அருகே உறைந்து நின்ற பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியேவின் 110 பேரில் 25 பேர் செத்த பிறகு, உள்ளூர் மக்கள் ஒரு ஊசியிலை மரத்தின் இலையையும் பட்டையையும் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் சில நாட்களில் எழுந்து நடந்தார்கள்.

18. அப்போ எதுக்குக் கொலம்பியான்னு பேர் வைக்காம அமெரிக்கான்னு வச்சாங்க?

ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த அமெரிகோ வெஸ்புச்சி 1501-02இல் போர்ச்சுகீசியக் கப்பலில் பிரேசில் கரையோரம் வெகுதூரம் தெற்கே போனார். இது ஆசியா இல்லை, புதிய உலகம் என்று சொன்ன சிறு வெளியீடு அவர் பெயரில் ஐரோப்பா முழுக்க விற்றது. 1507இல் ஜெர்மானிய வரைபடக்காரர் வால்ட்ஸீமுல்லர் அச்சிட்ட 12 தாள் உலகப்படத்தில் தென்கண்டத்தின் மேல் 'அமெரிக்கா' என்று எழுதினார். 1513 படத்தில் அவரே அந்தப் பெயரை எடுத்துவிட்டார். அதற்குள் சுமார் 1,000 பிரதிகள் போய்விட்டன. இன்று மிஞ்சியிருப்பது ஒரே பிரதி. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை 1 கோடி டாலருக்கு வாங்கியது.

19. தென் அமெரிக்கா முழுக்க ஸ்பானிஷ், பிரேசில்ல மட்டும் போர்ச்சுகீஸ். ஏன்?

1494 ஜூன் 7 அன்று டோர்டெசில்லாஸ் ஒப்பந்தத்தில், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்குக் கிழக்கே போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. எந்தத் தீவிலிருந்து அளப்பது, லீக் எத்தனை நீளம் என்று எழுதவில்லை. தீர்க்கரேகையை அளக்கவும் முடியாது. எனவே கோடு எங்கே விழுகிறது என்ற சண்டை பல தலைமுறை ஓடியது.

1500இல் 13 கப்பல்களோடு கோழிக்கோட்டுக்குக் கிளம்பிய கப்ரால், காற்றுக்காக அட்லாண்டிக்கில் மேற்கே அகலமாக வளைந்தபோது, ஏப்ரல் 22 அன்று பிரேசில் கரையைப் பார்த்தார். அது கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. ஒரு கப்பலைச் செய்தியோடு திருப்பி அனுப்பிவிட்டு அவர் வழியைத் தொடர்ந்தார். செப்டம்பரில் கோழிக்கோடு வந்தார்.

20. கிரகணத்தைக் காட்டி மக்களைப் பயமுறுத்தினார்னு ஒரு கதை இருக்கே, நிஜமா?

நிஜம். நான்காம் பயணத்தில் மரம் துளைக்கும் கடற்புழு கப்பல்களைச் சல்லடை ஆக்கிவிட, 1503 ஜூனில் மீதி இருந்த இரண்டையும் ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டு ஓராண்டு காத்துக் கிடந்தார்கள். உள்ளூர் மக்கள் உணவு தருவதைக் குறைத்தபோது, கொலம்பஸ் கையில் இருந்த ரெஜியோமொன்டானஸின் வானியல் அட்டவணையில் 1504 பிப்ரவரி 29 இரவுக்குச் சந்திர கிரகணம் போட்டிருந்தது. என் கடவுள் கோபத்தில் நிலவை மறைப்பார் என்றார், அப்படியே நடந்தது. உணவு வந்தது. அவர் செய்ததில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

பலரும் சொல்லாத பகுதி இனிதான். ஒரே கிரகணத்தை இரண்டு ஊர்களில் பார்க்கும் நேர வித்தியாசத்திலிருந்து தீர்க்கரேகை கிடைக்கும். ஒரு மணிக்கு 15 பாகை. கொலம்பஸ் அதையும் கணக்கிட்டார். காடிஸ் நகருக்கும் அந்த இடத்துக்கும் 7 மணி 15 நிமிடம் என்று எழுதினார், அதாவது கிட்டத்தட்ட 109 பாகை. உண்மை 71 பாகை. 38 பாகை பிழை, அதுவும் அவரை ஆசியாவுக்கு அருகே கொண்டுபோகும் பக்கமாக. 3ஆம் பதிலில் பார்த்த அதே கோணல்.

21. இவ்வளவு விவரமும் எப்படித் தெரியும்? நாட்குறிப்பு இன்னும் இருக்கா?

மூலமும் இல்லை, அரசி எடுக்கச் சொன்ன படியும் இல்லை. இருப்பது பர்த்தலோமே டி லாஸ் காஸாஸ் என்ற துறவி சுருக்கி எழுதிய பிரதி. அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'அட்மிரல் (கொலம்பஸ்) சொன்னார்' என்று படர்க்கையில் வரும் இடங்கள் லாஸ் காஸாஸின் சுருக்கம். 'நான்' என்று தன்மையில் வரும் பத்திகள் கொலம்பஸின் சொற்களை அப்படியே எடுத்தவை; குவானஹானியில் இறங்கிய நாட்கள் பெரும்பாலும் இந்த வகை. 9ஆம் கேள்வியின் இரட்டைக் கணக்கு வருவதோ முழுக்கச் சுருக்கப் பகுதியில்.